ஆள் கூடின பிறகு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மெசியூ ஜக்கோபோ, கட்டில் விளிம்பில். மெசியூ அல்பேர், துணிக்கடை வைத்திருந்து பிள்ளைகளிடம் விட்டவர், சன்னலடியில். பேக்கரிக்காரர். பேக்கரிக்காரரின் மருமகன். உணவகத்துப் பெரிய சமையல்காரர். சின்னச் சமையல்காரர், ஈரக் கையோடு. தபால் வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர், காது மந்தம். மூன்றாம் மாடிப் பல் வைத்தியர். டாக்ஸிக்காரர், வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் விட்டுவந்து அடிக்கடி கீழே எட்டிப் பார்த்தவர். கதவடியில் நான்.

எத்தனை பேர் என்று நான் எழுதவில்லை. என்னைத் தவிர எல்லாரும் யூதர்கள். ஆட்களைத் தலை தலையாக எண்ணுவது அவர்களுக்கு ஆகாது. கண் பட்டுவிடும் என்ற பயம். ஆனால் செத்தவருக்காகச் சொல்லும் கடிஷ் என்ற பிரார்த்தனைக்கு வளர்ந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். ஒன்பது பேர் நின்றால் சொல்ல முடியாது. எண்ணவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் அவர்கள் ‘ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்களாம். இதைக் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. என் அப்பா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று.

நான் பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி இறக்குகிறவன். இருப்பது நகரத்துக்கு வெளியே, வில்லியே லே பெல்லில். காலையில் பஸ், பிறகு ரயில். தமிழ்க் கடைகள் இருக்கிற இந்த லா சப்பல் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்ததில்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. ஊரில் இருப்பவர்களும் இங்கே இருப்பவர்களும் வாசிக்கட்டும் என்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மெசியூ ஜக்கோபோ முதலில் கடைக்கு வந்தது வற்றாளங்கிழங்கு வாங்க. இந்தியத் தமிழர் சர்க்கரைவள்ளி என்று சொல்லும் கிழங்கு. கழுவியதைத் தள்ளிவிட்டு மண் ஒட்டிய ஒன்றை எடுத்தார். மூக்கில் வைத்து மணந்தார். பெரிய கண்ணாடி, கிட்டப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். கடையில் எல்லாரும் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதால் அவரும் மரியாதைக்கு மெசியூ சேர்த்து, மெசியூ தம்பி என்றார். நான் திருத்தவில்லை. எந்த இடம் என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆட்கள் கேட்கும்போது அது ஒன்றோடு நிற்காது. எந்த ஊர் என்பார்கள். ஊரிலை எவடம் என்பார்கள். கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பார்கள். அதற்குப் பிறகு முகம் கொஞ்சம் மாறும். நான் ‘சிறிலங்கா’ என்று மட்டும் சொன்னேன். அவர் ஊர்ப் பெயர் கேட்கவில்லை. “அங்கே என்ன விதைத்தீர்கள்?” என்று கேட்டார்.

நெல் என்றேன். காடு வெட்டித் தந்த நிலம் என்றேன். யார் வெட்டினார்கள் என்றார். அப்பா என்றேன். அவர் கிழங்கைக் கூடையில் வைத்துவிட்டு, “அப்படியென்றால் நீங்களும் கொலனிக்காரர்” என்றார். எங்கள் ஆட்களும் அந்த இடத்தைக் கொலனி என்றுதான் சொல்வார்கள். அரசாங்கம் வன்னிக் காட்டில் துண்டு துண்டாகக் காணி கொடுத்த காலம் அது. நிலமில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் போனார்கள்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை அவருடைய சாமான்களை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறாம் மாடி. சன்னலைத் திறந்தால் கீழே தண்டவாளங்கள். மேசையில் கூடையை வைத்ததும் அவர் தேத்தண்ணி ஊற்றுவார், நான் நின்றபடி குடிப்பேன். அவர் கதை சொல்வார்.

அவருடைய தாத்தா ரஷ்யாவில் தையல்காரர். யூதர்களை அங்கே இருக்கவிடவில்லை. நிலம் வைத்திருக்கவும் விடவில்லை. அர்ஜென்டினாவில் நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினார். அவரோடு வந்தவர்கள் சாமான் விற்றவர்கள், சப்பாத்துத் தைத்தவர்கள், வேதம் படித்தவர்கள். ஒருவருக்கும் ஏர் பிடிக்கத் தெரியாது. கொலனி என்று பெயர், இறங்கின இடத்தில் வீடில்லை. ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டிலில் படுத்தார்கள். குழந்தைகள் காய்ச்சலில் செத்தன. முதல் வருடம் வெட்டுக்கிளி வந்து கோதுமையைத் தின்றது. காயப்போட்ட உடுப்பையும் தின்றது என்று சொல்லிச் சிரித்தார். தாத்தா தையல்காரர் என்பதால் அதை மட்டும் மன்னிக்கவில்லையாம்.

அடுத்த தலைமுறை குதிரையில் பிறந்த மாதிரி வளர்ந்தது. பள்ளிக்கூடம், பால் சேர்க்கும் நிலையம், பிரார்த்தனை வீடு எல்லாம் அவர்கள் கட்டியது. மூன்றாம் தலைமுறை படித்தது. படித்தவுடன் நகரத்துக்குப் போனது. மெசியூ ஜக்கோபோவும் போனார். பிறகு அங்கே ராணுவ ஆட்சி வந்து ஆட்களைப் பிடித்தபோது பாரிசுக்கு ஓடி வந்தார். இங்கே அச்சகத்தில் வேலை. தம்பி மார்க்கோஸ் மட்டும் ஊரில் மாடுகளோடு இருந்தார். பிரார்த்தனை வீட்டுத் திறப்புக் கொத்து அவரிடம். கடைசியில் அந்த ஊரில் யூதர் என்று அவர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறந்து தூசி தட்டிவிட்டு மறுபடி பூட்டுவாராம்.

என் தம்பியும் எங்கள் கொலனியில்தான் இருக்கிறான். சண்டையில் எல்லாரும் ஓடின பிறகு, திரும்பிப் போய்ப் பற்றைக் காட்டை அவனே மறுபடி வெட்டினான். பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும். வயல் செய்கிறான். இதை நான் மெசியூ ஜக்கோபோவிடம் சொன்னேன். அவர் இன்னொரு கோப்பை ஊற்றினார்.

ஓகஸ்டில் லிப்ட் பழுதாகிவிட்டது. திருத்துகிறவர்களும் விடுமுறையில். கூடையோடு படியேறிப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. மெசியூ ஜக்கோபோ கட்டிலில் இருந்தார். சட்டைக் கழுத்தில் ஒரு கிழிசல். முதலில் ஆணியில் மாட்டியது என்று நினைத்தேன். தம்பி மார்க்கோஸ் செத்த செய்தி வந்ததும் அவரே கிழித்தது. அது அவர்கள் வழக்கம்.

“அயலவர்கள் நல்லவர்கள். அடக்கம் செய்துவிட்டார்கள்,” என்றார். “ஆனால் அங்கே பத்துப் பேர் இல்லை. கடிஷ் சொல்லவில்லை.”

“நீங்கள் கடவுள் இல்லை என்று சொல்கிறவர்,” என்றேன்.

“நான் இல்லை என்கிறவன்தான். அவன் உண்டு என்றவன். செத்தது அவன்.”

லிப்ட் இல்லாமல் அவரால் ஆறு மாடி இறங்க முடியாது. ஆகவே பத்துப் பேர் மேலே வரவேண்டும். ஓகஸ்டில் பாரிசில் யார் இருக்கிறார்கள்? மெசியூ அல்பேர் ஒருவரைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். சீட்டு விளையாடும் கூட்டாளி. அவர் துனிசியாவில் பிறந்தவர். குளிர்தேசத்து யூதர் நீங்கள் மீனுக்குச் சீனி போட்டுத் தின்கிற ஆட்கள் என்று இவரைப் பழிப்பார்.

“தாத்தா காலத்தில் எங்களுக்கும் ஒரு ஆள் குறைந்தது,” என்று மெசியூ ஜக்கோபோ சொன்னார். “ஒன்பது வீடு, ஒன்பது ஆண்கள். ரமோன் என்று ஒரு மாட்டுக்காரன் பக்கத்தில் இருந்தான். கத்தோலிக்கன். ஏர் பிடிக்கக் காட்டினது அவன்தான். தாத்தா அவனுக்கு ஒரு தொப்பி கொடுத்து நிற்கச் சொன்னார். பத்தாவது ஆளாக நின்றான். சட்டப்படி பிழை. ஆனால் காட்டில் யார் கேட்பது?”

நான் கோப்பையை வைத்தேன். “பிறகு ஆட்கள் கூடினார்களா?”

“கூடினார்கள். அடுத்த கப்பலில் நிறையக் குடும்பங்கள் வந்தன.”

“பிறகு அவரைக் கூப்பிட்டார்களா?”

மெசியூ ஜக்கோபோ கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார். “இல்லை,” என்றார். “கூப்பிடவில்லை.”

ஏன் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்னேன். பாரிசில் யாருக்கும் சொல்லாத கதை. எங்கள் கொலனியில் முதல் செத்தவீடு ஒரு பெண்ணுடையது. பாம்பு கடித்தது. பாடை தூக்க நாலு பேர் வேண்டும். ஆண்களில் பாதிப் பேர் மலேரியாவில் படுத்துவிட்டார்கள். மிச்சம் மூன்று பேரும் என் அப்பாவும். ஊரில் என்றால் அப்பா அந்தப் பாடையைத் தொடமுடியாது. அவர்கள் வீட்டுக் கிணற்றில் எங்கள் ஆட்கள் தண்ணீர் அள்ளமுடியாது. அன்று காட்டில் ஒருவரும் சாதி பேசவில்லை. செத்தவளின் புருசன் அப்பாவின் தோளைத் தொட்டு, முன்பக்கம் பிடி என்றான். அப்பா பிடித்தார். பிறகும் சில செத்தவீடுகளில் தூக்கினார். பிறகு றோட்டு வந்தது. பஸ் வந்தது. அவர்களின் சொந்தக்காரர் வந்து காணி எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த செத்தவீட்டுக்கு நானும் அப்பாவோடு போனேன். செத்தவீட்டுக்கு அழைப்பு இல்லை, தானாகப் போவதுதான் முறை. அப்பா துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலியடியில் நின்றார். தூக்க வா என்று ஒருவரும் சொல்லவில்லை. பாடை அவரைத் தாண்டிப் போனது. அவர் துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

சொல்லி முடித்தபோது மெசியூ ஜக்கோபோ தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவர் ரமோனைப் பற்றி ஒரு நல்ல முடிவு சொல்லியிருக்கலாம். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லவில்லை. அதனால்தான் நான் ஆள் தேடிக் கொடுக்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் முதலாளி அண்ணையிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“ஆள் சேர்க்கோணும் அண்ணை. பத்துப் பேர்.”

“எலக்சனோ?”

“இல்லை. செத்தவீடு.”

“ஆர் செத்தது?”

“கிழங்கு வாங்கிற மெசியூவின்ரை தம்பியார். அர்ஜென்டினாவிலை.”

அண்ணை கல்குலேட்டரை வைத்தார். “அர்ஜென்டினாவிலை செத்ததுக்கு நீ இஞ்சை வெங்காயத்தை விட்டிட்டுப் போறாய். நாளைக்கு நிலாவிலை ஆரும் செத்தால் சொல்லு, கடையைப் பூட்டுவம்.” பிறகு, “போ. ஆறு மணிக்கு லொறி வரும். வந்திடு,” என்றார்.

மெசியூ அல்பேர் தொலைபேசியில் பிடித்தவர்கள் போக இன்னும் ஆள் வேண்டியிருந்தது. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு யூத உணவகத்துக்கு நான் கொத்தமல்லியும் வெண்டிக்காயும் போடுகிறவன். அங்கே போகும் வழியில் தாடியும் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர் நின்றார். சரி என்று நினைத்து, பிரார்த்தனைக்கு வருவீர்களா என்று கேட்டேன். அவர் சட்டைப்பையில் கைவிட்டு இரண்டு யூரோ எடுத்து நீட்டினார். “எனக்குப் பிரார்த்தனை வேண்டாம். இதை வைத்துக்கொள்ளுங்கள்,” என்றார். அவர் யூதர் இல்லை, நோர்மண்டிக்காரர், பக்கத்து பாரில் பியானோ வாசிக்கிறவர் என்று பிறகு சமையல்காரர்கள் சொன்னார்கள். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே என்னோடு வந்தார்கள். ஐந்தரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சில்.

படியேறி வந்த ஒவ்வொருவரும் நாலாம் மாடியில் ஒருமுறை நின்று ஏசினார்கள். எல்லாரும் வந்த பிறகு மெசியூ அல்பேரின் போன் அடித்தது. பத்தாவதாக வர இருந்த மருந்துக்கடைக்காரர் வரமாட்டாராம். கடைக்கு ஆள் இல்லையாம்.

“மெசியூ தம்பி, எண்ணுங்கள்,” என்றார் மெசியூ ஜக்கோபோ. “உங்கள் மொழியில். கண்ணூறுக்கு அந்த மொழி தெரியாது.”

நான் நெல் அளக்கிற மாதிரி எண்ணினேன். லாபத்தில் தொடங்கி ஒன்பதில் நிறுத்தினேன். அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னச் சமையல்காரர் மணியைப் பார்த்தார். டாக்ஸிக்காரர் சன்னலைப் பார்த்தார்.

“ஒரு ஆளை எண்ணாமல் விட்டுவிட்டீர்கள்,” என்றார் மெசியூ ஜக்கோபோ.

“அது முடியாது ஜக்கோபோ,” என்றார் மெசியூ அல்பேர். “உனக்கே தெரியும்.”

“தெரியும். எங்கள் ஊரில் செய்திருக்கிறோம்.”

“உங்கள் ஊரில் மீனுக்கும் சீனி போட்டீர்கள்.”

“என் தம்பிக்கு இன்னும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அல்பேர்.”

காது மந்தமானவர் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. மெசியூ அல்பேர் சன்னலைத் திறந்து கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ரயில் போகும்வரை நின்றார். “நான் வேதம் சொல்கிற ரபி இல்லை. துணி விற்றவன்,” என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “மெசியூ, தலையில் எதையாவது போடுங்கள்.”

என் பையில் கம்பளித் தொப்பி இருந்தது. கடையின் குளிர் அறைக்குப் போடுவது. அதை எடுத்தேன். ஆள் குறைந்தபோது கூப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் செத்த மனிதன் அதற்கு என்ன செய்வான்? அப்பாவும் அந்தப் பெண்ணின் பாடையைப் பிடிக்கும்போது இப்படித்தான் நினைத்திருப்பார். போட்டுக்கொண்டேன்.

மெசியூ ஜக்கோபோ எழுந்து நின்று கடிஷ் சொன்னார். பாதி மறந்துபோயிருந்தது. மெசியூ அல்பேர் பின்னால் நின்று அடி எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் ஆமென் சொன்ன இடங்களில் நானும் சொன்னேன். அதில் செத்தவரின் பெயரோ சாவைப் பற்றிய சொல்லோ ஒரு இடத்திலும் வராது என்று படியிறங்கும்போது மெசியூ அல்பேர் சொன்னார். ஐந்தரைக்குச் சமையல்காரர்கள் போனார்கள். டாக்ஸிக்காரருக்குத் தண்டப் பணம் எழுதியிருந்தார்கள். ஆறு மணி லொறிக்கு நான் நின்றேன்.

சகோதரனுக்கு அவர்கள் முப்பதாம் நாளோடு துக்கத்தை முடிப்பார்கள். எங்களுக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்கு. அந்த நாளுக்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. விடுமுறைக்காரர்கள் வெயில் பட்ட முகத்தோடு திரும்பிவிட்டார்கள். லிப்டும் திருத்தியாகிவிட்டது. மெசியூ அல்பேரின் மகனும் கடற்கரையிலிருந்து வந்துவிட்டான். அவனைச் சேர்த்தால் பத்து. அவர்களின் பத்து.

காலையில் என் மனுசி சாப்பாட்டுப் பெட்டியைத் தந்துகொண்டே கேட்டாள். “இண்டைக்குத்தானே அந்தக் கிழவற்றை தம்பிக்கு முப்பது. உங்களைக் கேட்டவையோ?”

“கேக்கேல்லை.”

“பின்னை?”

“பின்னை என்ன. ஆள் கூடீட்டுது.”

மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிரெஞ்சில், “பப்பா, கேட்காவிட்டாலும் போ. நீ அவருடைய நண்பன்,” என்றாள். அவள் இங்கே பிறந்தவள். வேலியடியில் நின்றவரை அவள் பார்த்ததில்லை. நான் பஸ்ஸுக்குப் போனேன்.

பின்னேரம் பூசணிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மெசியூ அல்பேர் கடை வாசலில் வந்து நின்றார். கோட்டுப் போட்டு, முகமெல்லாம் வேர்வை.

“இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்றார்.

“வேலை.”

“மேலே எல்லாரும் நிற்கிறார்கள்.”

“எத்தனை பேர்?” என்று கேட்டேன்.

“என்னையா எண்ணச் சொல்கிறீர்கள்?” என்றார். “முப்பதாம் நாளும் அதுவுமாக?”

“உங்கள் மகன் வந்துவிட்டார்தானே. ஆள் சரி.”

“வந்துவிட்டான். அதனால் என்ன? உங்களுக்கென்று வைத்த நாற்காலியில் அவன் இருக்கப் பார்த்தான். ஜக்கோபோ எழுப்பிவிட்டான்.”

அண்ணை உள்ளேயிருந்து எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். “பெட்டியை வை. போட்டு வா,” என்றார். “தொப்பியை மறந்து போகாதை.”

லிப்டில் நானும் மெசியூ அல்பேரும் ஏறினோம். அறையில் முன்பு நின்றவர்கள் எல்லாரும் நின்றார்கள். அல்பேரின் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில். மெசியூ ஜக்கோபோ கிழிந்த சட்டையை மாற்றியிருந்தார். கதவடியில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தது. நான் அதில் இருக்கவில்லை. அதன் பின்னால் நின்றேன். கையில் பூசணிக்காய் மண் இருந்தது.

“மெசியூ தம்பி வந்துவிட்டாரா?” என்றார் மெசியூ ஜக்கோபோ. அவ்வளவு தூரம் அவருக்குக் கண் எட்டாது.

“ஓம்,” என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

“எண்ணுங்கள்.”

கட்டிலில் இருந்து தொடங்கினேன். லாபம். இரண்டு. மூன்று. மெசியூ அல்பேர், பேக்கரிக்காரர், மருமகன், எல்லாரையும் தாண்டி அல்பேரின் மகனில் வந்து பத்து என்று நிறுத்தினேன்.

மெசியூ ஜக்கோபோ சொற்களைக் கேட்கவில்லை. குரல் நின்றதைக் கேட்டார். கையை என் பக்கம் நீட்டினார்.

“இன்னும் முடியவில்லை,” என்றார். “எண்ணுங்கள்.”

தொப்பியைப் போட்டேன்.

பதினொன்று.